கடற்கரைக் காற்றுக்கு வரைந்த வீடு

உங்கள் வேலை அறையின் சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடங்களை இன்று காலையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அகன்ற விறாந்தை, உயர்ந்த கூரை, கதவுக்கு நேரே கதவு என்று அழகாக வரைந்திருக்கிறீர்கள். "இதுதான் சேர் எனக்குப் பிடிச்ச மாதிரி வீடு" என்று உங்களில் ஒருவர் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினார். அப்படிப் பிடித்த வீடு ஒன்று எனக்கும் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு மலையில் பத்துத் தடவை கட்டினேன். முப்பத்தைந்து வருடம் தேயிலைத் தோட்டங்களில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவன் நான். கட்டியவை எத்தனையோ. ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சொல்ல வேண்டியது அந்தப் பத்து வீடுகளின் கதைதான்.

நான் மட்டக்களப்புப் பக்கத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் ஊரில் பிறந்தவன். எங்கள் வீட்டின் முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டால் கடற்காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போகும். சுவரின் மேற்பகுதியில், கூரைக்குச் சற்றுக் கீழே, வரிசையாகக் காற்றுத் துவாரங்கள் இருந்தன. குசினி வீட்டோடு ஒட்டாமல் பத்தடி தள்ளித் தனிக்கூரையின் கீழ் இருந்தது. அடுப்பின் சூடு படுக்கிற இடத்துக்கு வரக்கூடாது என்பதற்காகவே அந்தத் தூரம். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், வெளியே மணல் காலைச் சுடும்போது, எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காருகிறவர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். வீடு என்றால் மனிதருக்கு அந்தப் பெருமூச்சைக் கொடுப்பது என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் கழித்து, அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கேதான் முதன்முதலாக, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைப் பார்த்தேன். ஒரே கூரையின் கீழ் நீளமாகப் பன்னிரண்டு அறைகள், காம்பராக்கள் என்பார்கள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். சன்னல் கிடையாது. முன்னால் திண்ணை போல இருக்கும் சின்ன இஸ்தோப்பில் அடுப்பு எரியும். அந்தப் புகை முழுவதும் உள்ளே போய்க் கூரைத் தகரத்தில் கரியாகத் தொங்கும். உள்ளே போய் நின்றால் எதிரில் இருப்பவரின் முகம் தெரியச் சற்று நேரமாகும். பெண்களின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். எனக்கு மூச்சு முட்டியது. மனிதர் வாழ்கிற இடமா இது என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான். நியாயமான கோபத்தில் இருக்கிறவன் தன் தவறைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு வருடம் கழித்து, பத்துக் குடும்பங்களுக்குத் தனித்தனி வீடு கட்டத் தோட்டக் கம்பெனி அனுமதித்தது. தோட்டத்தை நிர்வகித்த துரை என்னைக் கூப்பிட்டு, "நீயே வரைந்து கொண்டுவா" என்றார். அன்றிரவு நான் தூங்கவில்லை என்றெல்லாம் கதை சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து ஒரே மூச்சில் வரைந்து முடித்தேன். எங்கள் வீட்டைத்தான் சிறிதாக்கி வரைந்தேன். அகன்ற விறாந்தை. முன்கதவுக்கு நேரே பின்கதவு. இரண்டு பக்கச் சுவரிலும் காற்றுத் துவாரங்கள். குசினி தனியாக, பின்னால். வாசல்களைப் பள்ளத்தாக்குத் திறந்து கிடக்கும் மேற்குப் பக்கம் வைத்தேன். அங்கிருந்து நல்ல காற்று வரும் என்று. துரை படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "நல்ல வெளிச்சம், நல்ல காற்றோட்டம்" என்றார். பெருமையில் எனக்குத் தலை கூரையில் முட்டியது போல இருந்தது.

கட்ட வந்த தலைமை மேசன் வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர். அவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். என்னை விட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். தோட்டங்களில் வேலை செய்து கற்ற தமிழ் அவருடையது; ஐயா என்பதற்குச் சிங்களத்தில் மாத்தயா என்பார். அடித்தளத்துக்குக் கயிறு கட்டிய அன்று, வேலையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"மாத்தயா, கதவு இந்தப் பக்கம் வேணாம். மழை அங்க இருந்துதான் வாறது."

"மழைக்குத்தானே விறாந்தை வைத்திருக்கிறோம், பாஸ்."

"இந்த மழை மேல இருந்து விழுறது இல்ல. படுத்துக்கிட்டு வாறது." கையைத் தரைக்குச் சமமாக நீட்டிக் காட்டினார். "குசினியும் தூரம். இங்க ஆக்கள் அடுப்புக் கிட்டத்தான் படுக்கிறது."

"அதனால்தானே கண்ணெல்லாம் கெட்டுப் போயிருக்கிறது?"

அவர் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "ஹரி மாத்தயா" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். அவர் சொன்னதை நான் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவர் எனக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதுதான் நம் வேலையில் பாதி.

மாசி மாதம் வீடுகள் முடிந்தன. மலையில் அது வெயில் காலம். காலையில் புல்லில் உறைபனி கிடந்தாலும் எட்டு மணிக்கெல்லாம் வானம் நீலமாகிவிடும். வெள்ளையடித்த பத்து வீடுகளும் பச்சை மலையில் வரிசையாக நின்றதைப் பார்க்கத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மூன்றாவது வீடு பெருமாளுக்குக் கிடைத்தது. அவர் கவ்வாத்து வேலை செய்பவர், தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்குகிறவர். ஒல்லியான ஆள், எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் தொடுவார். அவர் மனைவி மாரியாயி கொழுந்து எடுக்கிறவர். ஒரு பெண் பிள்ளை இருந்தாள், அடுத்த குழந்தை வயிற்றில் இருந்தது. பால் பொங்கிய அன்று பெருமாள் என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய், சுவரைத் தடவித் தடவிக் காட்டினார், நான் அதைக் கட்டாதவன் போல.

"எங்க அப்பன் பாட்டன் எல்லாம் லயத்துலயே பொறந்து லயத்துலயே போய்ச் சேந்தாங்க, ஐயா. எம் புள்ள சன்னல் வச்ச வீட்டுல பொறக்கப் போவுது."

நான் பூரித்துப் போனேன். அந்தச் சொல்லை மடியில் கட்டிக்கொண்டு நாலு மாதம் திரிந்தேன்.

வைகாசி கடைசியில் மழை பிடித்தது. பாஸ் கையை நீட்டிக் காட்டியபடியே வந்தது. பள்ளத்தாக்கிலிருந்து எழும்பி, படுத்தபடியே வந்து, விறாந்தையைத் தாண்டி முன்கதவை நனைத்தது. என் ஊரில் அதே மாதத்தில் அடிக்கும் கச்சான் காற்று எவ்வளவு வறண்டதென்று சொன்னேன் அல்லவா? அது மேற்கிலிருந்து இந்த மலைகளைக் கடந்துதான் எங்களிடம் வருகிறது. தன்னிடம் இருக்கும் ஈரத்தையெல்லாம் எங்கே இறக்கிவைத்துவிட்டு வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த இடத்தில்தான் பத்து வாசல்களையும் திறந்து வைத்திருந்தேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் அந்த வீடுகளைப் பார்க்கப் போனேன். கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்க்கப்போவதாகத் துரை சொல்லியிருந்தார். போனால், எல்லா வீட்டுக் காற்றுத் துவாரங்களிலும் கோதுமை மாவுச் சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். வெள்ளைச் சுவரில் அழுக்குத் தண்ணீர் கோடு கோடாக வழிந்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்றாவது வீட்டின் முன்னால் போய் நின்றேன். மாரியாயிக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம். கம்பளியால் தன்னையும் குழந்தையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இதையெல்லாம் அடைச்சு வெச்சிருக்கிறீங்க?" என்று கேட்டேன்.

பெருமாள் எழுந்து வந்தார். "குளிருதுங்க, ஐயா."

"சன்னலைச் சாத்துங்க. துவாரத்தை அடைக்காதீங்க. வீட்டுக்கு அதுதான் மூச்சு."

உள்ளேயிருந்து மாரியாயி சொன்னார்: "சன்னலச் சாத்துனாலும் மேல இருந்து எறங்குதுங்க. அடுப்பு அங்கிட்டு எரியுது, நாங்க இங்கிட்டுக் கெடக்குறோம். பச்சப்புள்ள ஒடம்பு சில்லுன்னு இருக்குங்க, ஐயா."

"அப்போ லயத்துக்கே திரும்பிப் போறீங்களா?"

நான் கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்விக்கு என்ன பலம் என்று எனக்குத் தெரியும். பத்துக் குடும்பத்துக்குத்தான் வீடு, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். குறை சொன்னால் கிடைத்ததும் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால், இந்த நாட்டில் தங்களுக்கு இடம் உண்டா இல்லையா என்பதே காகிதத்தில் முடிவாகாமல் இருந்த காலம் அது. பெருமாள் ஒரு பெட்டியைப் போட்டு ஏறி, சாக்குகளை ஒவ்வொன்றாக உருவினார். நனைந்த சாக்குகளைக் கீழே எறியாமல், உதறி, மடித்து, மூலையில் அடுக்கினார். கடைசிச் சாக்கு வரும்வரை நான் அங்கேயே நின்றேன். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

நாலாம் நாள் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். விறாந்தையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதற்கு மறுநாள் காலை, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில், மூன்றாவது வீடு திறக்கவில்லை என்று செய்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு ஆட்கள் பின்கதவை உடைத்துத் திறந்திருந்தார்கள். அறை நடுவில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். அதில் சாம்பல். கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறை, வெட்டிய தேயிலைக் கிளைகளைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள், அடுப்பில் எரித்துத் தணலாக்கி அதில் போட்டு உள்ளே கொண்டுவந்திருக்கிறார் பெருமாள். புகை வராதபடி நன்றாகக் கனிந்த தணலாகப் பார்த்து எடுத்திருக்கிறார். துவாரங்களில் சாக்கைத் திணித்து, இந்தத் தடவை காற்று துளியும் நுழையாதபடி மேலே மண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாத மனிதர்.

மாரியாயியும் குழந்தையும் பின்கதவின் கீழ் இடுக்கை ஒட்டிப் படுத்திருந்தார்கள், அதனால் பிழைத்தார்கள். மூத்த மகளும் வாந்தி எடுத்து, மயங்கி, பிழைத்துக்கொண்டாள். தகரத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் பெருமாள். தணலின் நஞ்சுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர் போலவே இருந்தார்.

அவர் உடம்பை வைக்க விறாந்தையில் இடமில்லை. அவ்வளவு அகலமாக நான் வரைந்த விறாந்தையில் ஒரு முழம் காய்ந்த தரை இல்லை. பழைய லயத்தின் இஸ்தோப்பில், யாரோ அடுப்பை ஒதுக்கிக் கொடுத்த இடத்தில், அவரைக் கொண்டுபோய்க் கிடத்தினார்கள்.

நான் மழையில் நின்றுகொண்டிருந்தேன். பாஸ் வந்து என் பக்கத்தில் நின்றார். முதலில் தான் சொன்னதைத்தான் சொல்லிக்காட்டுவாரென்று நினைத்தேன்: 'அன்றைக்கே சொன்னேனே' என்று. அவர் மற்ற வீடுகளைக் காட்டினார்.

"ஒன்பது வீடு இருக்கு, மாத்தயா. எல்லா வீட்டுலயும் தகரம் இருக்கு. நான் பார்த்தேன். இன்னைக்கும் குளிர்தான்."

"தணலை எடுத்துக்கொண்டு வரக்கூடாது என்று சொல்லுவோம்."

"சொன்னா?"

ஒன்பது வீடு. அதில் நாலு வீட்டில் கைப்பிள்ளைகள். சாக்கை எடு என்றால் குளிரில் கிடக்க வேண்டும். எடுக்காவிட்டால் இன்னொரு பெருமாள். துரை கொழும்புக்குப் போயிருந்தார், இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். கம்பெனிக் கட்டடத்தில் அனுமதியில்லாமல் ஓர் ஆணி அடிக்கக்கூட எனக்கு அதிகாரமில்லை.

"அடுப்பை உள்ளே கொண்டுவரவேண்டும்" என்றேன். "மூலையில் கல்லடுப்பு. அதற்கு நேரே சுவரில் புகை போக ஓட்டை. காற்று அடிக்காத பக்கத்தில். பொழுது சாய்வதற்குள் முடியுமா?"

"ஆக்கள் வந்தா முடியும்."

ஆட்கள் வந்தார்கள். இழவு வீட்டுக்குப் போனவர்கள் போக, மற்றவர்கள் குசினிகளைப் பிரித்துக் கல் சுமந்தார்கள், பெண்கள் மண் குழைத்தார்கள். முதல் வீட்டின் சுவரை உடைக்கும் நேரம் வந்தது. நாலு மாதத்துக்கு முன் வெள்ளையடித்த சுவர். பாஸ் சம்மட்டியை எடுத்தார். அடிக்கவில்லை, என்னிடம் நீட்டினார்.

"மொதல் அடி மாத்தயா அடிங்க."

"ஏன்?"

"தொரை வந்து கேப்பாரு. உடைச்சது மாத்தயான்னு நாங்க பொய் இல்லாம சொல்லணும்."

அதில் கேலி இல்லை. தன் ஆட்களை அவர் காப்பாற்றுகிறார்; என்னையும் என் இடத்தில் நிறுத்துகிறார். நான் வாங்கி அடித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் முதல் அடி நான் அடித்தேன். ஐந்தரை மணிக்கு ஒன்பதாவது வீட்டில் அடுப்பு எரிந்தது. புகை முழுவதும் வெளியே போகவில்லை. கண் எரிந்தது. சுவர் கறுக்கத் தொடங்கியது. ஆனால் அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து கையை நீட்டிக் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் கம்பளியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டதைக் கேட்டேன்.

இதோடு கதையை நிறுத்தினால் நான் நல்லவனாகத் தெரிவேன். நிறுத்த முடியாது.

துரை திரும்பி வந்தார். உடைந்த சுவர்களைப் பார்த்தார். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் சொல்கிறேன்.

"அனுமதி இல்லாமல் செய்தது தவறு. நிலைமை எனக்குப் புரிகிறது, அதைப் பெரிதாக்கப் போவதில்லை. ஆனால் இந்த மரணத்துக்கு ஒரு அறிக்கை வேண்டும். வீட்டில் குறை இருந்ததா?"

நான் தயங்கினேன்.

"துவாரங்களை அடைக்கவேண்டாம் என்று நீ சொன்னாயா, இல்லையா?"

"சொன்னேன்."

"மீறி அடைத்தானா?"

"அடைத்தார்."

"மூடிய அறைக்குள் தணல் கொண்டுபோனானா?"

"ஆமாம்."

"அதை எழுது. போதும்."

எழுதினேன். வீடு போதிய காற்றோட்டத்துடன் கட்டப்பட்டிருந்தது. குடியிருந்தவருக்கு அறிவுறுத்தப்பட்டது. அதை மீறிக் கவனக்குறைவாக நடந்ததால் மரணம் ஏற்பட்டது. கையெழுத்துப் போட்டேன். எனக்கும் ஊரில் குடும்பம் இருந்தது, அவர்களுக்கு என்னை விட்டால் யாருமில்லை. அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நீங்கள் உங்கள் காலத்தில் பல அறிக்கைகளில் கையெழுத்துப் போடுவீர்கள். ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். என்னுடைய அறிக்கையிலும், கவனக்குறைவு என்ற ஒரு சொல்லைத் தவிர, ஒவ்வொரு வரியும் உண்மைதான். அதனால் ஒரு அறிக்கை உண்மையாகிவிடாது. எந்த வரி எழுதப்படவில்லை என்று பாருங்கள்.

அது கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று, அதைத் தமிழில் எழுதிக் காலைப் பெரட்டில் வாசிக்கச் சொன்னார்கள். கணக்கப்பிள்ளை வாசித்தார். 'பெருமாள் என்பவரின் கவனக்குறைவால்' என்ற இடம் வந்தபோது மாரியாயி அங்கேதான் நின்றார். குழந்தையை, கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்கு வரத் தொடங்கி இரண்டாம் நாள். மூன்று காலை தொடர்ந்து வாசித்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் என் வேலைக் கொட்டகைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் கூடையோடு நின்றார்.

"அந்தக் காயிதம் நீங்க எழுதுனதாங்க?"

"ஆமாம்."

"எங்க அவரு கவனமில்லாத ஆளாங்க, ஐயா?"

கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தேன்.

"நீங்க வந்து நின்னு எடுக்கச் சொன்னீங்க. எடுத்தாரு. நாலு நாள் தெறந்துதான் கெடந்துச்சு. புள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. வேற என்னா செய்வாரு?" குரலை உயர்த்தவில்லை. "செத்தவரு வந்து பேச மாட்டாரு. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல போயி ஒக்காரணும். மத்தப் புள்ளைங்க இதத்தானே சொல்லுவாங்க."

"நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டேன். கேட்டபோதே வெட்கமாக இருந்தது. அதையும் அவர் தலையிலேயே வைக்கிறேனே என்று.

"அது எனக்குத் தெரியாதுங்க. எழுதுனவரு நீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பிற்பகலே வேறொரு அறிக்கை எழுதித் துரையிடம் கொண்டுபோனேன். வாசித்துப் பார்த்தார். அவர் கொடுமைக்காரர் அல்ல, களைத்துப் போனவராகத் தெரிந்தார். "இது மேலே போனால் அடுத்த ஐம்பது வீட்டுக்கும் அனுமதி நின்றுவிடும். அதை யோசித்தாயா?" என்றார். யோசிக்காத விஷயம்தான். அது பொய்யும் அல்ல. இப்படித்தான், உங்களை நிறுத்த வருகிற காரணங்கள் பெரும்பாலும் நல்ல காரணங்களாகவே இருக்கும். நான் சொன்னேன், "மேலே அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் பெரட்டில் வாசித்தது நான் கையெழுத்துப் போட்ட காகிதம். அதை நான் அங்கேயே வாசித்துத் திருத்தியாக வேண்டும்." "நீ வாசித்தால் இங்கே உனக்கு வேலை இருக்காது" என்றார். காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டு நாளில் அந்தத் தோட்டத்தை விட்டுப் போனேன். ஏழு மாதம் வேலையில்லாமல் ஊரில் இருந்தேன். வீட்டில் பட்ட கஷ்டத்தை நான் மட்டும் படவில்லை. பிறகு நோர்வூட் பக்கத்தில் வேறொரு தோட்டம் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பாஸ் அங்கேயும் வந்து என்னோடு வேலை செய்தார். அதற்குப் பிறகு நான் வரைந்த எந்த வீட்டையும் நல்ல வெயிலில் நின்று முடிவு செய்ததில்லை. ஆடி மாதத்தில் அந்த நிலத்தில் போய் நனைந்துவிட்டு வருவேன். குடியிருக்கப் போகும் பெண்களிடம், உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு பிடிக்கும் என்று கேட்டால் சிரிப்பார்கள், பதில் வராது. அதனால், காலையில் முதலில் யார் எழும்புவது, எழும்பி எங்கே போவது, பிள்ளை பிறந்தால் எந்த மூலையில் படுப்பது, ஒருவர் செத்துப்போனால் எங்கே கிடத்துவது என்று கேட்பேன். அதற்கெல்லாம் பதில் இருக்கும். வீட்டின் படம் அந்தப் பதில்களுக்குள்தான் இருக்கிறது. கடற்கரை வீடு கெட்ட வீடு என்று நான் சொல்லவில்லை. கடற்கரையில் அதைப்போல வீடு கிடையாது. இன்றைக்கும் எனக்குப் பிடித்தது அதுதான்.

துரை திருப்பிக் கொடுத்த காகிதத்தோடு பெரட்டுக்குப் போன காலைக்கு வருகிறேன். மழை பெய்துகொண்டிருந்தது. பெரட்டுக் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடப் புத்தகத்தைத் திறந்தார். நான் முன்னால் போய், "ஒரு நிமிஷம்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் விலகி நின்றார். காகிதத்தை விரித்து வாசித்தேன்.

"மேல்பிரிவில் கட்டிய பத்து வீடுகளையும் வரைந்தவன் நான். அடுப்பை வீட்டுக்கு வெளியே வைத்தவன் நான். மழை வரும் பக்கம் வாசலை வைத்தவன் நான். வேண்டாம் என்று சொன்னவர் சொல்லை நான் கேட்கவில்லை. குளிருகிறது என்று பெருமாளும் அவர் மனைவியும் என்னிடம் சொன்னார்கள். அதையும் நான் கேட்கவில்லை. அடைத்திருந்ததை எடுக்கச் சொன்னேன், பெருமாள் எடுத்தார். கைக்குழந்தைக்கு மூச்சு இழுத்தபோது அதைக் காப்பாற்ற நெருப்பைக் கொண்டுவந்தார். அவர் கவனமில்லாதவர் அல்ல. கவனமில்லாதவன் நான். முன்பு வாசித்த காகிதத்தில் இதை எழுதாமல் விட்டது என் குற்றம்."

முடித்து நிமிர்ந்தேன். ஆண்கள் பக்கத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மாரியாயியின் குரல் வந்தது.

"தகரத்துல மழை அடிக்குதுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவ வாசிங்க, ஐயா."

முதல் தடவை வாசிக்க எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது. இரண்டாவது தடவைக்கு ஒன்றும் மிச்சமில்லை. காகிதம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மடங்கியது. பின்வரிசையைப் பார்த்து, குரலை உயர்த்தி, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். 'அவர் கவனமில்லாதவர் அல்ல' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி அந்த வரியைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் மாரியாயி கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டார். மலைக்குப் போகும் பாதை ஒற்றையடிப் பாதை. வழக்கமாக முந்திக்கொண்டு ஏறும் பெண்கள் அன்றைக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். அவர் முன்னால் போனார். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள்.